வேன் அக்காவும் ஏழு நாய்களின் வம்சமும்

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருப்பவரைத் தெருவில் எல்லாரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஆள் குள்ளம், இரண்டு தலையணையை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்தால்தான் முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். ஆனால் குரல் அப்படியில்லை. வேனில் ஹாரன் கெட்டுப்போய் நாலு மாதம் அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பார்கள்.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பி எட்டரைக்குத் திரும்புவார். மறுபடி மூன்று மணிக்குப் போய் ஐந்தரைக்கு வருவார். நடுவில் கிடைக்கும் நேரம் முழுக்க நாய்களுக்கு.

பட்டுக்காது என்று ஒரு சின்ன இனம் அது. நன்றாக வளர்ந்தாலே ஐந்து கிலோதான். காது இரண்டும் பட்டுத்துணியை மடித்துப் போட்டதுபோல் தாடைவரை தொங்கும். யாரோ இப்போதுதான் ஏதோ கேள்வி கேட்டுவிட்டதைப்போல எப்போதும் ஒரு முகம். நாடு முழுக்கத் தேடினாலும் நானூறுக்குமேல் இருக்காது. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஊரைவிட்டுப் போன ஒரு சங்கீத டீச்சர், அக்காவிடம் ஒரு பெண்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் ஏலக்காய். ஏலக்காய் இரண்டு முறை குட்டி போட்டாள். முதல் முறை ஐந்து, இரண்டாம் முறை நாலு. அந்த ஒன்பதில் ஒன்றை மட்டும் அக்கா தன்னிடம் வைத்துக்கொண்டு கடுகு என்று பெயர் வைத்தார். மற்ற எட்டையும் விசாரித்து, வீட்டைப் போய்ப் பார்த்து, பிறகுதான் கொடுத்தார். முதல் ஈற்றில் பிறந்த மிளகு மாடிக்கு ஏறி என் வீட்டுக்கு வந்தான். நான் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைபவள். நாள் முழுக்க வீட்டில் இருப்பேன். "நாயைத் தனியா விடாத ஆளு நீதான்" என்று சொல்லிக் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மிளகுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு, கடிகாரக்காரர் வந்தார். கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மிளகின் உடன்பிறப்பு பொத்தான் அவரிடம்தான் வளர்ந்தான். அன்றைக்கு அவனை நடக்கவிடாமல் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னன்னு தெரியலம்மா. பகல்ல நல்லாத்தான் இருக்கான். பொழுது சாஞ்சா படியில கால் வைக்க மாட்டேங்கிறான். தூக்கிட்டுப் போன்னு நிக்கிறான். சோம்பேறின்னு ரெண்டு தடவை திட்டிட்டேன். அப்புறம்தான் மனசு கேக்கல."

அக்கா நடு அறையின் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். அறை அந்தி நேரம்போல மங்கியது. பொத்தானைத் தரையில் விட்டுவிட்டு அறையின் மறுபக்கம் போய் நின்று மெதுவாகப் பெயர் சொன்னார். அவன் ஆசையாகக் கிளம்பினான். நடுவில் இருந்த முக்காலியின் காலில் நேராகப் போய் முட்டினான். முட்டியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் முக்காலியிடம் வாலை ஆட்டினான்.

கடிகாரக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே விலங்குகளுக்குக் கண் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனோம். மிளகையும் நான் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. டாக்டரம்மா வேகமாகப் பேசுபவர். பேச்சுக்கு நடுவில் பிஸ்கட் சாப்பிடுவார், பாதியை நாய்க்குக் கொடுப்பார். நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, முதலில் பொத்தானையும் பிறகு மிளகையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கைக் கழற்றி அக்காவின் நெற்றியில் மாட்டினார்.

"முதல்ல மிளகைப் பாருங்க. லென்ஸை அசைக்காதீங்க."

அக்கா பார்த்தார். எனக்கும் காட்டினார்கள். தினமும் நான் பார்க்கும் அந்தச் சின்ன முகத்துக்குள், கட்டைவிரல் நகம் அளவு கண்ணுக்குள், பச்சையும் பொன்னுமாக ஒரு நிலம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் குறுக்கே சிவப்பாக ஆறுகள் கிளை பிரிந்து ஓடின. ஆறு வருடம் அந்தக் கண் என்னையே பார்த்திருக்கிறது; நான் ஒருநாளும் அதற்குள் பார்த்ததில்லை. லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு பொத்தான். அங்கே பச்சை இன்னும் பளபளத்தது, கண் கூசியது. ஆனால் ஆறுகள் இல்லை. நூல் நூலாக வற்றிப்போயிருந்தன.

"இது இன்னும் பளிச்சுன்னு அழகா இருக்கே டாக்டர்" என்றார் அக்கா, நம்பிக்கையோடு.

"அழகாத்தான் இருக்கும். விழித்திரை மெலிஞ்சு போச்சு. அதனால போற வெளிச்சம் தடையில்லாமத் திரும்பி வருது. இன்னும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அப்புறம் பகல்லயும் தெரியாது. வலி கிடையாது. ஆனா மருந்தும் கிடையாது."

கடிகாரக்காரர் பொத்தானின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "நான் ஏதாவது தப்பாச் சாப்பிடக் கொடுத்துட்டேனா?"

"இல்லங்க. பிறக்கும்போதே கூட வந்தது. உடம்பை எப்படிக் கட்டணும்னு ஒவ்வொரு உயிருக்குள்ளயும் ஒரு எழுத்து வரிசை இருக்கு. நாய்க்கு இருநூத்தி நாப்பது கோடி எழுத்து. அம்மாகிட்டருந்து ஒரு பிரதி, அப்பாகிட்டருந்து ஒரு பிரதி. வேற சில சின்ன இனங்கள்ல இதே நோய் இருக்கு. அதுங்களுக்கு ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. ஒரு பிரதியில மாறியிருந்தா ஒண்ணும் ஆகாது, இன்னொரு பிரதி பாத்துக்கும். ரெண்டுலயும் மாறியிருந்தா, இப்படி."

அக்கா கேட்டார். "ஸ்டெப்னி மாதிரியா? ஓடற டயர் பஞ்சரானாலும் ஸ்டெப்னி இருந்தா வண்டி ஓடும். ஸ்டெப்னியும் பஞ்சர்னா நடுரோட்டுல நிக்கும்."

"அதேதான். அதுவும் நீங்க ஸ்டெப்னியை வெளிய எடுக்கவே இல்லைன்னா, அது பஞ்சர்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப பொத்தானோட அம்மா, அப்பா..."

"ரெண்டு பேரும் ஒவ்வொரு பஞ்சரைச் சுமக்கிறாங்க. அதுக்கு டெஸ்ட்டே வேண்டாம். இவன்தான் சாட்சி."

பொத்தானின் கன்னத்து உட்புறத்தைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, வேறு ஊரிலிருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதே இடம், அதே எழுத்து.

முடிவை வாங்கிக்கொண்டு வேனில் திரும்பினோம். சிக்னலில் நிற்கும்போது அக்கா சொன்னார்: "இந்த வண்டியில ஒரு நட்டு லூசானா எனக்குச் சத்தம் கேட்டுடும். இருநூத்தி நாப்பது கோடியில ஒண்ணு. சத்தமே போடாம வந்திருக்கு. நான்தானே சேர்த்து வச்சேன் ரெண்டு பேரையும்."

மிச்சமிருந்த ஆறு வீட்டுக்கும் அக்கா ஒவ்வொன்றாகப் போன் செய்தார். யாரும் கேட்காமலே, இன்னும் எந்த நாய்க்கும் ஒன்றும் ஆகாதபோதே. அவருடைய வீட்டுக்காரர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், அதிகம் பேசாதவர், அவருக்கே பொறுக்கவில்லை.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கு. உனக்கு எதுக்கு இது?"

"ஓணான் ஏற்கெனவே மடியிலதான் இருக்கு. இருக்குன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டார். "நல்ல பரம்பரைன்னு சொல்லித்தானே கொடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். பேக்கரி வைத்திருக்கும் ஒரு அம்மா அழுதுவிட்டார். "நான் தெரியாமலே இருந்திருப்பேனே. ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார். அக்கா காதிலிருந்து போனை எடுக்காமல் அவர் அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பேக்கரி நாய்க்கும் நோய் இருப்பது உறுதியாயிற்று. மிளகுக்கு வந்த டெஸ்ட் முடிவில் அவன் சுமப்பவன் மட்டுமே. அவன் கண் போகாது. அந்தக் காகிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பட்டுக்காது வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. நூலகத்தின் மாடியறையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். முப்பது, முப்பத்தைந்து பேர். அங்கே கோப்பைக்காரர் என்று ஒருவர். கண்காட்சிகளில் அவர் வாங்கிய கோப்பைகளை வைக்கவே வீட்டில் தனி அலமாரி. அவருடைய தளபதி என்ற ஆண்நாய்க்கு மட்டும் நாற்பத்தேழு குட்டிகள். பொத்தானும் மிளகும் அதில் சேர்த்தி.

அக்கா அவரிடம் முதலில் தனியாகத்தான் சொன்னார். அவர் சட்டையின் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"ஒரு நாய்க்குக் கண்ணு போச்சுன்னு மொத்த வம்சத்துக்கும் கெட்ட பேரா? வயசானா யாருக்கும் மங்கத்தான் செய்யும். எல்லாரும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா ஊருக்குத் தெரியவா போகுது?"

"பொத்தானுக்கு ஆறு வயசுதான் சார்."

"என் தளபதி இன்னைக்கும் ஈயைப் பறக்கும்போதே பிடிப்பான். போய் வேலையைப் பாரும்மா."

கூட்டம் தொடங்கியதும் அக்கா எழுந்து நின்றார். பிள்ளைகளை அதட்டும் குரல் அன்றைக்கு வெளியே வரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தணிந்து பேசினார்.

"நான் பிறக்க வச்ச குட்டிக்குக் கண்ணு போயிட்டிருக்கு. அது பரம்பரையா வர்ற நோய். அவனோட அம்மா என் வீட்டுல இருக்கா. பேரு ஏலக்காய். அவகிட்ட அது இருக்கு. அவ பொண்ணு கடுகு. அவகிட்டயும் இருக்குன்னு டெஸ்ட்டுல வந்திருக்கு. முதல்ல என் நாய்ங்க பேரை எழுதிக்கோங்க."

சங்கத்தின் செயலாளர் அந்த நூலகத்தின் நூலகர்தான். பேனாவை எடுத்தவர் கோப்பைக்காரரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு எழுதினார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு வயதான நர்ஸ் எழுந்தார்.

"என் வீட்டுல ஒருத்தி இருக்கா. மூணு வருஷமாச்சு. சுவர் ஓரமாவே நடப்பா. நான் யார்கிட்டயும் சொல்லல. என் கவனக்குறைவுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

அவர் உட்காருவதற்குள் இன்னொருவர். பிறகு ஒரு கணவனும் மனைவியும். ஒவ்வொருவரும் தனித்தனியே தங்கள் குற்றம் என்று நினைத்து மறைத்து வைத்திருந்த ஒரே விஷயம் அந்த அறையில் வெளியே வந்துகொண்டிருந்தது. கோப்பைக்காரர் எழுந்து போய்விட்டார். அவர் நாற்காலியை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த எட்டு மாதமும் அக்காவின் பகல்வேளை முழுக்க அதற்கே போயிற்று. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வேன் எங்காவது ஒரு பட்டுக்காதின் வீட்டுக்குக் கிளம்பும். கன்னத்தில் பிரஷ்ஷைத் தேய்ப்பதற்கு அரைமணி முன்பு நாய்க்குத் தீனி கொடுக்கக்கூடாது. ஆனால் பிரஷ்ஷையே தீனி என்று நினைத்து மென்றவைதான் அதிகம். நான் கூடப்போய் உறைமேல் பெயர் எழுதுவேன். மொத்தம் அறுபத்து மூன்று நாய்கள். முப்பது சுத்தம். இருபத்தாறு சுமப்பவை. ஏழுக்கு நோய்.

இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கவேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். நூலகர் சங்கத்தின் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தார். காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். எத்தனை தாள் ஒட்டினாலும் போதவில்லை. ஒருநாள் வீட்டுக்காரர் வாயைத் திறக்காமல் நடு அறைச் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்தார். சுண்ணப்பொடி தேய்த்த நூலைச் சுண்டி நேர்கோடுகள் போட்டார். பிறகு மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தார்.

"எனக்கு என் கொள்ளுத்தாத்தா பேரே தெரியாது. நாய்க்கு இருபத்திரண்டு தலைமுறை" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார். ஒன்பது நாள் ஆயிற்று. சுத்தமானதற்கு வெற்று வட்டம், சுமப்பதற்குப் பாதி கறுப்பு, நோய் வந்ததற்கு முழுக் கறுப்பு. வட்டம் போடும்போது அவர் பேசமாட்டார்.

முடிந்த அன்று நாங்கள் மூவரும் அந்தச் சுவரின் எதிரே நின்றோம். கீழே, முழங்கால் உயரத்தில், இன்றைக்கு உயிரோடிருக்கும் நாய்கள் அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பரந்திருந்தன. மேலே போகப்போகக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. வரிசை குறுகிக்கொண்டே போய், கூரைக்குக் கீழே ஏழே பெயர்களில் வந்து நின்றது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஒரு கப்பல் சமையல்காரரோடு வந்திறங்கிய ஏழு நாய்கள். நானூறும் அந்த ஏழுக்குள்ளிருந்து வந்தவை.

அக்கா முக்காலிமேல் ஏறி நின்று, ஒவ்வொரு முழுக் கறுப்பு வட்டத்திலிருந்தும் அம்மா வழியாகவும் அப்பா வழியாகவும் விரலால் மேலே போனார். ஏழு நாய்க்குப் பதினான்கு வழி. எல்லாமே போய்ச் சேர்ந்த இடம் ஒன்றாக இருந்தது. பதிவேட்டில் அந்த நாயைப் பற்றி ஒரே வரி: வெள்ளைக்கால், பெண், நாலரைக் கிலோ, சாது.

"இவதானா?" என்றார் அக்கா. அப்போது குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் பிறகு கேட்டபோது, "அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அப்படித்தான் தோணுது" என்றார். வெள்ளைக்காலுக்குச் சாகும்வரை கண் நன்றாகத் தெரிந்திருக்கும். அவளிடம் ஒரு பிரதிதான் பழுது. அந்த ஒரு எழுத்து அவள் மகளிடம், பேத்தியிடம், பேரனின் பேத்தியிடம் என்று, யாரையும் தொந்தரவு செய்யாமல், தொண்ணூறு வருடம் நடந்து வந்திருக்கிறது. வீட்டுக்காரர் பிரஷ்ஷைக் கழுவப் போனவர் கழுவாமல் அப்படியே திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

ஆனால் அக்காவுக்கு அன்றிலிருந்து ஒரு வெறி பிடித்தது. பாதி கறுப்பும் முழுக் கறுப்பும் மொத்தம் முப்பத்து மூன்று. இவற்றில் ஒன்றுகூட இனி குட்டி போடக்கூடாது, கடுகும்தான், இதோடு முடிந்தது என்றார். டாக்டரம்மாவிடமும் அதையே போய்ச் சொன்னார்.

டாக்டரம்மா பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் போறீங்களா?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? இன்னொரு பொத்தானை நான் பிறக்க வைக்க மாட்டேன்."

"வேண்டாம். ஆனா கணக்கைப் பாருங்க. சுத்தமான முப்பதுல பாதிக்கு வயசாயிடுச்சு. மிச்சம் பதினஞ்சு. எல்லாம் அண்ணன் தங்கச்சி, சித்தப்பா பிள்ளைங்க. அதுங்களுக்குள்ளயே குட்டி எடுத்தா, இந்த எழுத்து போயிடும். வேற எத்தனை எழுத்து மாறியிருக்கோ, யாருக்குத் தெரியும்? ஆள் குறையக் குறைய அதுங்க ஜோடி சேரும். கண்ணைக் காப்பாத்திட்டு இதயத்தை விட்டுடுவீங்க."

டாக்டரம்மா ஒரு காகிதத்தை இழுத்து வட்டம் போட்டுக் காட்டினார்.

"சுமக்கிற நாயைச் சுத்தமான நாயோட சேர்த்தா, ஒரு குட்டிக்கும் கண்ணு போகாது. சராசரியாப் பாதிக் குட்டி சுமக்கும், பாதி சுத்தமா இருக்கும். டெஸ்ட் பண்ணி, சுத்தமானதை அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கலாம். கடுகுகிட்ட ஒரு எழுத்துதான் தப்பு. மிச்சம் எல்லாம் நல்லா இருக்கே. அதை ஏன் குப்பையில போடணும்?"

அந்த வாரத்தில்தான் கடிகாரக்காரர் எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். பொத்தானுக்கு அதற்குள் பகலிலும் பார்வை போய்விட்டிருந்தது. அக்காவுக்குப் போகவே மனசில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒவ்வொரு வாசல் நிலையிலும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு கடிகாரம் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது.

"ஒவ்வொண்ணுக்கும் சத்தம் வேறம்மா" என்றார் கடிகாரக்காரர். "சமையலறைக்குக் கனமா டொக்கு டொக்குன்னு ஒண்ணு. படுக்கையறைக்கு மெல்லிசு. படிக்குப் பக்கத்துல வேகமா அடிக்கிறது. நாலே நாள்தான் ஆச்சு."

பொத்தான் எங்கள் குரலைக் கேட்டு உள்ளறையிலிருந்து கிளம்பி வந்தான். வாசல் நிலையில் ஒரு கணம் நின்று காதைச் சாய்த்தான். திரும்பினான். நேராக, எதிலும் இடிக்காமல், கூடத்தைக் கடந்து ஓடி வந்து அக்காவின் செருப்பைக் கடித்தான். தன் நாய் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று கடிகாரக்காரர் கடைத்தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாராம். ஒருநாள் சமையலறைக் கடிகாரம் நின்றுபோனபோது, பொத்தான் அதன் அடியில் நின்று அவர் வந்து சாவி கொடுக்கும்வரை குரைத்தானாம்.

அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது சொன்னார்: "சரி. கடுகுக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்."

மாப்பிள்ளையைச் சுவர்தான் காட்டிக்கொடுத்தது. வலது ஓரத்தில் ஒரு கிளை மட்டும் மற்றவற்றோடு பல தலைமுறையாகச் சேராமல் தனியாக இறங்கியிருந்தது. அதன் நுனியில் ஒரு வெற்று வட்டம். ஐந்து மணிநேரம் வண்டியில் போனால் வரும் ஒரு மலையடிவார ஊரில், கன்னத்து மாதிரியைத் தபாலில் அனுப்பிவைத்த ஒரு தையற்காரரின் நாய் அது. பெயர் கோணல். போய்ப் பார்த்ததும் காரணம் புரிந்தது: ஒரு காது பட்டாகத் தொங்கியது, இன்னொரு காது என்ன செய்தாலும் செங்குத்தாக நின்றது. தையல் மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணிக் குவியலின்மேல் படுத்திருந்தான்.

தையற்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவனுக்கா? இவனைக் கண்காட்சி வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ளகூட விடல."

"இவன் அம்மா எத்தனை வருஷம் இருந்தா?"

"பதினேழு. கடைசி வாரம்வரைக்கும் மாடிப்படி ஏறினா."

அக்கா கோணலின் பல்லைப் பார்த்தார், முழங்காலை மடக்கி நீட்டினார், மார்பில் காதை வைத்துக் கேட்டார். மாப்பிள்ளை அதற்கெல்லாம் ஒத்துழைத்துவிட்டு அவர் மூக்கை நக்கினான். செய்தி சங்கத்துக்குப் போனதும், "கோணக்காதுக் குட்டி பிறந்தா யார் வாங்குவா?" என்று சிலர் கேட்டார்களாம். "காது எப்படி நின்னா என்ன, கேட்டாப் போதும். கண்ணு தெரிஞ்சாப் போதும்" என்று அக்கா சொல்லியனுப்பினார்.

கடுகு ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றுக்குக் குட்டி போட ஆரம்பித்தாள். இரண்டே முக்காலுக்குள் நாலு பிறந்தன. வயிற்றில் இன்னொன்று இருப்பது தெரிந்தது, வரவில்லை. அக்கா மணியைப் பார்ப்பதும் கடுகைப் பார்ப்பதுமாக இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வீட்டுக்காரர், கையெல்லாம் நீலப் பெயின்டோடு, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ கிளம்பு. இருபத்தாறு பிள்ளைங்க வெயில்ல நிக்கும். நான் இருக்கேன்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல? கிளம்பு."

அக்கா போய்ப் பத்து நிமிடத்தில் ஐந்தாவது வந்தது. கடுகு களைத்துப்போயிருந்ததால் குட்டியை மூடியிருந்த உறையைக் கிழிக்கவில்லை. நான் சொல்லச்சொல்ல, வீட்டுக்காரர்தான் விரலால் விலக்கி, துணியால் துடைத்துத் தேய்த்தார். எலிக்குஞ்சு போன்ற அந்த உயிர் அவர் உள்ளங்கையில் ஒரு விக்கல் விக்கி, மூச்சை இழுத்தது. அவர் அதைத் தாயிடம் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எத்தனையோ வீடு முடிச்சுக் குடுத்திருக்கேன்மா" என்றார் என்னிடம். "ஆள் குடிவர்ற நேரத்துல நான் இருந்ததே இல்ல."

பதிமூன்றாம் நாள் கண் திறந்தது. முதலில் ஓரத்தில் ஒரு கீறல், பிறகு மங்கலான நீலம். அக்கா அன்றைக்குக் காலை வேன் நடை முடிந்து வந்ததிலிருந்து மூன்று மணிவரை அந்தப் பெட்டிமுன்னால் அசையவில்லை. சோறுகூடத் தட்டில் ஆறிப்போயிற்று. இந்த ஐந்து ஜோடிக் கண்களும் வற்றாது என்பது, அவை உருவாவதற்கு முன்பே, ஒரு காகிதத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும், அந்த நீலம் வெளிச்சத்தைப் பார்த்துச் சுருங்கியபோது அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வந்த முடிவில் இரண்டு சுத்தம், மூன்று சுமப்பவை. ஐந்தாவதாக வந்தவனுக்கு வலது காது செங்குத்தாக நின்றது. அவனைத்தான் வீட்டுக்காரர் யாருக்கும் கொடுக்க விடவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஒரு மதியம், தெருவோரம் நிறுத்தியிருந்த வேனை அக்கா கழுவிக்கொண்டிருந்தபோது கோப்பைக்காரர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ஒரு காகிதத்தை நீட்டினார். தளபதியின் டெஸ்ட் முடிவு. என்ன இருக்கும் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும்.

"நாப்பத்தேழு வீட்டுக்கும் நானே கடிதம் எழுதிட்டேன்" என்றார். "பத்தொன்பது பேர் பதில் போட்டிருக்காங்க. அதுல மூணு நாய் முட்டிக்கிட்டு நடக்குதாம்." கசங்கிய கை மடிப்பை இழுத்துவிட்டார். "அவன் ஈ பிடிக்கிறதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு வேற எதுவும் கண்ணுல படலம்மா."

அக்கா பைப்பை மூடிவிட்டு, கையைத் துடைத்து, வேன் கதவைத் திறந்தார். "வெயில்ல நிக்காதீங்க சார். உள்ள உக்காருங்க." பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டில் அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இருவரும் அந்தக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அன்று மாலை வீட்டுக்காரர் சுவரில் பத்தொன்பது வீட்டு நாய்களின் பெயர்களைப் புதிதாக எழுதினார்.

இதெல்லாம் தொடங்கி ஏழு வருடமாகிறது. சங்கத்தில் இப்போது டெஸ்ட் இல்லாமல் யாரும் ஜோடி சேர்ப்பதில்லை. முடிவுகளை நூலகத்து அறிவிப்புப் பலகையில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதன்பின் பதிவேட்டில் ஏறிய குட்டிகள் நூற்றுப் பதினெட்டு. ஒன்றுக்கும் கண் போகவில்லை. கோணலின் கிளையிலிருந்து நாலு ஈற்று வந்துவிட்டது. செங்குத்துக் காதோடு ஏழெட்டு நாய்கள் தெருக்களில் திரிகின்றன. ஏலக்காய் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். மிளகுக்குப் பதிமூன்று வயது. இருட்டிலும் என் செருப்பைத் தேடி எடுத்துவிடுகிறான்.

போன சனிக்கிழமை கீழே இறங்கிப் போனேன். அக்கா நடு அறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கடுகின் பேத்தி ஒருத்தி அவர் மடியில் மல்லாந்து கிடந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால் அதன் பின்னங்காலை மெதுவாக மடக்குவதும் நீட்டுவதுமாக இருந்தார். சின்ன இனங்களில் முழங்கால் சில்லு நழுவுவது உண்டு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாராம்.

"எதாவது நழுவுதா அக்கா?"

"ஷ்ஷ்." கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். "கைய இங்க வை. அழுத்தாத. இப்ப நான் மடக்கறேன், பாரு."

வைத்தேன். பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு எலும்பு, அதற்கென்று செதுக்கிய பள்ளத்துக்குள், ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது.

"எவ்வளவு கச்சிதம் பாத்தியா?" என்றார் அக்கா. பிறகு அடுத்த காலைப் பிடித்தார்.